தலைவலி என்று சொல்லிவிட்டேன்

ரவிக்கை தைக்கிற வேலையில் துணியைத் தைப்பது பாதிதான். மற்றப் பாதி, வருகிறவர்கள் சொல்வதைச் சரியாகக் காதில் வாங்கிக்கொள்வது.

மடியில் இப்போதும் ஒரு ரவிக்கை கிடக்கிறது. மெஷின் வேலை முடிந்தது, கொக்கி வைப்பதுதான் பாக்கி. ஒரு கொக்கி வைப்பேன், நாலு வரி எழுதுவேன், மறுபடி ஒரு கொக்கி. இப்படித்தான் இது போகும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான், எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் மெஷின் போட்டுத் தைக்கிற அக்கா தங்கச்சிகளுக்கும், உடம்புக்கு ஒன்று என்றால் வாயைத் திறந்து சொல்லத் தெரியாத என் ஜாதிக்காரிகளுக்கும்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும். சிரிக்கவும் இதில் இருக்கிறது.

நாங்கள் இருப்பது மேற்குத் தாம்பரத்தில், ஒரே வாசலுக்குள் மூன்று குடித்தனம். எங்கள் வீட்டுக்காரருக்கு ரயில்வே ஷெட்டில் வேலை. பெரியவள் பெண், அப்போது நாலு வயது. சின்னவன் தூளியில் கிடந்தான். மெஷினுக்குச் சக்கரம் வலது பக்கம். தூளித் துணி அதில் போய் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று தூளியை இடது பக்கம் கட்டியிருந்தோம். அளவு கொடுக்க வருகிறவர்கள் உட்காருகிற ஸ்டூலும் அந்தப் பக்கம்தான்.

அஞ்சலையின் தோள்

கோவளத்திலிருந்து பஸ்ஸில் மீன் கொண்டு வருகிற அஞ்சலை, கூடை காலியானதும் எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்து வெற்றிலை போடுவாள். அன்றைக்கு ஒரு பச்சை வாயல் துணியைக் கொடுத்து, "பிட்டா தெச்சுடாதே, கூடை தூக்கறப்போ அக்குள்ல கிழியுது" என்றாள். எழுந்து நிற்கச் சொல்லி, டேப்பைக் கையைச் சுற்றிப் போட்டேன். அவ்வளவுதான் தெரியும். சுவரில் மாட்டியிருந்த காலண்டர் மெல்ல நகர்ந்தது. ஜன்னல் அதன் பின்னால் போனது. வீடே ஆட்டுக்கல் மாதிரி சுற்ற ஆரம்பித்துவிட்டது. நான் நின்றது நின்றபடி அஞ்சலையின் தோளை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கண்ணை மூடினால் இன்னும் வேகமாகச் சுற்றியது.

மீன் வாசனை வேறு. குமட்டிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்துவிட்டாள். பிடித்து உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, தூளியை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை எந்த வாயால் சொல்வது? அந்த நாளில் பஸ் முதுகில், ஸ்டேஷன் சுவரில், எங்கே திரும்பினாலும் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம். தெருவில் மூன்றாவது உண்டானவளைப் பார்க்கிற பார்வையே வேறு. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் தனக்குத் தோன்றியதையே பதிலாக எடுத்துக்கொண்டாள்.

"இன்னாம்மா, கைப்புள்ளைக்கு இன்னும் பல்லே மொளைக்கல, அதுக்குள்ள ஒம்புருசனுக்கு இன்னா அவசரம்? போவட்டும், வாய்க்குப் புளிப்பா கேக்குதுன்னா சொல்லு, காரப்பொடி மீனு கொண்டாந்து நானே கொழம்பு வெச்சுக் குடுக்கறேன்."

சுற்றுகிற தலைக்கு மூன்று சுற்று

அடுத்த குடித்தனம் ரோஸி அக்கா. அவர்கள் வீட்டுக்காரர் ஆபீஸ் கிளார்க், காலை எட்டு மணிக்குள் ரயிலேறிவிடுவார். அதற்குப் பிறகு அக்காவுக்குப் பொழுது எங்கள் வீட்டில்தான். இரண்டாவது தடவை தலை சுற்றியபோது அக்கா பக்கத்தில் இருந்தார்கள். "பித்தம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். சுக்கு, மல்லி தட்டிப் போட்டுக் கஷாயம். எலுமிச்சம்பழம். இஞ்சிச்சாறு. தலையில் கை வைத்து ஒரு ஜெபம். இத்தனையும் ஆனபிறகு, கூடை காலியாகி வந்த அஞ்சலை, "கண்ணு பட்டுக்கீது" என்று சொல்லி உப்பும் மிளகாயும் எடுத்து மூன்று தடவை சுற்றிப் போட்டாள். ஜெபம் பண்ணின அக்காவும் பக்கத்தில் நின்று, நெடி வருகிறதா என்று பார்த்தார்கள்.

ஷெட்டிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் அடுப்பில் மிளகாய் கருகுகிற வாசனைக்குக் காரணம் கேட்டார். சொன்னேன்.  பிறகு, "டாக்டர்கிட்டப் போய்ட்டு வந்துடலாமா?" என்று கேட்டார். வேண்டாங்க, இது பித்தம்தான், சரியாகிவிடும் என்று அடித்துச் சொன்னது நான்தான். அவர் மேல் குற்றமில்லை. அந்தக் கேள்வியை நான் இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். எவ்வளவு சாதாரணமாகக் கேட்டார்! நானும் அவ்வளவு சாதாரணமாக, சரிங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவரும் வற்புறுத்தாமல் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே சிரித்தார்.

"சுத்தற தலைக்கு மேல இன்னும் மூணு சுத்து சுத்தினா, அது எங்கேடி நிக்கும்?"

பெஞ்சு

ஒருநாள் தலை சுற்றி, தைத்துக்கொண்டிருந்த கையைத் துணியோடு சேர்த்து ஊசிக்கடியில் கொடுத்துவிடப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. அவரிடம் சொல்லாமல், குழந்தைகளை ரோஸி அக்காவிடம் விட்டுவிட்டு, மருந்துக்குக் கழுவி வைத்த பாட்டிலை முந்தானையில் மறைத்துக்கொண்டு, ரயில்வே கேட் பக்கத்து டாக்டரிடம் போனேன். அங்கே முதலில் கம்பவுண்டர்தான். பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்போம். அவர் ஒவ்வொருவராக, "உங்களுக்கு என்னம்மா?" என்று கேட்டு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பார். அதைக் கொண்டு உள்ளே போக வேண்டும். நல்ல மனிதர்தான். ஆனால் அவர் குரல் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிற சைக்கிள்காரனுக்கும் கேட்கும்.

எனக்கு முன்னால் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். "தலை சுத்துது" என்றாள். கம்பவுண்டர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "தலைக்குக் குளிச்சு எத்தனை நாள் ஆச்சு?" என்றார். இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெஞ்சே புன்சிரிப்புச் சிரித்தது. அதில் இரண்டு பேர் என்னிடம் ரவிக்கை தைக்கிறவர்கள். அவள் காது வரைக்கும் சிவந்துபோய் ஏதோ முனகினாள். அடுத்தது நான். "உங்களுக்கு என்னம்மா?" என்றார். என் வாயிலிருந்து, "தலைவலி" என்று வந்துவிட்டது.

உள்ளே போயாவது மாற்றிச் சொல்லியிருக்கலாம். டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், விரலில் ஊசி குத்தின தழும்பைப் பார்த்தார், தையல் வேலையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்படியானால் கண்ணுக்குச் சிரமம், கண்ணைச் சோதித்துப் பாருங்கள் என்றார். தையற்காரி தலைவலி என்று வந்து நின்றால் வேறு எந்த டாக்டரும் அதைத்தான் சொல்வார். கதவோரம் அடுத்த ஆள் வந்து நின்றாயிற்று. நான் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன். கம்பவுண்டர் என் பாட்டிலில் சிவப்பாக மிக்ஸர் மருந்து ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று தெரிய காகிதத்தைப் பல் பல்லாக வெட்டி ஒட்டிக் கொடுத்தார். இல்லாத தலைவலிக்கு அந்த மருந்தை ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். டாக்டர் கடைசியாகச் சொன்னதையும் தட்டவில்லை.

"விளக்கு வெளிச்சத்துல ஊசியில நூல் கோக்காதீங்கம்மா, தலைவலி தானா ஓடிப்போயிடும்."

மெஷின் போட்ட சத்தம்

அதற்குப் பிறகு மெஷின் சத்தம் போட ஆரம்பித்தது. 'கொய்ங்' என்று, தூரத்தில் எங்கேயோ சங்கு ஊதுகிற மாதிரி. மத்தியானம் தெரு அடங்கி, நான் தைக்க உட்காருகிற நேரத்தில்தான் அதிகம். எண்ணெய் விட்டேன். பெல்ட்டை மாற்றினேன். பாபினைக் கழற்றித் துடைத்தேன். சத்தம் நிற்கவில்லை. மெஷின் போனால் வீட்டில் பாதிப் பிழைப்பு போனது போல. பயந்துபோய், சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு தெருவில் வருகிற ரிப்பேர்காரரைக் கூப்பிட்டேன். முன்பற்கள் விழுந்த, கொஞ்சம் வாய்த்துடுக்கான ஆள்.

அவர் மெஷினைத் தலைகீழாகச் சாய்த்துப் பார்த்தார். மிதித்துப் பார்த்தார். ஒரு துண்டுத் துணியைத் தைத்துப் பார்த்தார். "எங்க சத்தம்?" என்றார். "இதோ, கேக்கலியா, இப்பக்கூட வருதே" என்றேன். மிதிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"அக்கா, மெஷின் நின்னுகினு கீது. நின்ன மெஷின் எப்டிக்கா கத்தும்? இதுக்கு எண்ணெ வோணாம், ஒங்க காதுக்குத்தான் ரெண்டு சொட்டு வுடணும்."

வேணும், வேண்டாம்

அவர் விளையாட்டுக்குச் சொன்னார். நான் நிஜமாகவே நல்லெண்ணெயில் பூண்டு போட்டுக் காய்ச்சி, கொஞ்ச நாளாக மந்தமாக இருந்த இடது காதில் விட்டேன். ரோஸி அக்காதான் பஞ்சு வைத்து அடைத்தார்கள். தலைக்கு ஊற்றிக்கொள்ளும்போது தண்ணீர் போயிருக்கும், அதுதான் அடைத்த மாதிரி இருக்கிறது என்று இரண்டு பேரும் முடிவு பண்ணினோம். தலைச் சுற்றலையும் காதையும் சேர்த்து நினைக்க எங்களுக்குத் தோன்றவே இல்லை. தலை ஒரு வியாதி, காது இன்னொன்று, அவ்வளவுதான். நடுநடுவே சுற்றல் வருவதும் போவதுமாக இருந்தது. வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். யாராவது பார்த்தால் சுவரில் ஒட்டடை பார்க்கிற மாதிரி பார்ப்பேன்.

அந்தச் சமயத்தில் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர், வெள்ளையில் இரண்டு ரவிக்கைக்குத் துணி கொண்டுவந்தார். வெள்ளைச் சேலை, இழுத்து முடிந்த கொண்டை, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடுகிறவர். ஸ்டூலில் உட்கார்ந்து, மெல்லிய குரலில் எல்லாம் சொன்னார். நானும் சரி சரி என்று கேட்டுக்கொண்டேன். பின்கழுத்து இறக்கமா என்று நானே கேட்டேன். அவர் சொன்னதில் பாதிதான் இடது காதுக்குள் போனது. "வேண்டாம்" என்றாரா, "வேணும்" என்றாரா? திரும்பக் கேட்க வெட்கமாக இருந்தது. இந்தக் காலத்தில் எல்லாரும் இறக்கமாகத்தானே கேட்கிறார்கள் என்று நன்றாக இறக்கி வெட்டி, இரண்டையும் தைத்துவிட்டேன். டீச்சர் உள்ளே போய்ப் போட்டுப் பார்த்தார். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முந்தானையைப் போர்த்திக்கொண்டு வந்தார். கோபித்துக்கொள்ளவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாகப் போயிற்று.

"இதைப் போட்டுக்கொண்டு நான் எப்படியம்மா பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக் கரும்பலகையில் எழுதுவது?"

தூளி

ரவிக்கைக்கு ஒட்டுப்போட்டுச் சரிக்கட்டிவிடலாம். அடுத்து நடந்ததுக்கு ஒட்டுப்போட வழியில்லை. ஒரு மத்தியானம் சின்னவனைத் தூளியில் போட்டுவிட்டு உள்பாவாடை ஒன்று தைத்துக்கொண்டிருந்தேன். நீளத் தையல். மெஷின் ஓடினால் வலது காதில் அதன் சத்தம் ஒன்றுதான். திடீரென்று யாரோ என் தோளைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பினால் ரோஸி அக்கா, கை முழுக்க சோப்பு நுரையோடு. தூளிக்குள் குழந்தை எப்படியோ புரண்டு, துணி கழுத்தைச் சுற்றி முறுக்கி, முகம் கருஞ்சிவப்பாகி, குரல் கம்மிப் போகிற மட்டும் அழுதிருக்கிறான். துணி துவைக்கிற கல் கிணற்றடியில் இருக்கிறது. அங்கே இருந்த அக்காவுக்குக் கேட்டிருக்கிறது. தூளி என் முழங்கையிலிருந்து ஒரு முழத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

அக்கா அவனை எடுத்துத் தோளில் போட்டுத் தட்டினார்கள். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்குத் தெருவெல்லாம் ஓடுகிறான். ஆனால் அன்றைக்கு அவனை என் கையில் வாங்க எனக்குத் தைரியம் வரவில்லை. அக்காவும் நடுங்கிப்போயிருந்தார்கள். அந்த நடுக்கத்தில் அவர்கள் சொன்னதை, பிறகு எத்தனையோ தடவை என்னிடம் மன்னிப்புக் கேட்டு வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். நான்தான் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

"கெணத்தடியில இருக்கிற எனக்குக் கேக்குது, பெத்தவ ஒனக்குக் கேக்கலியா?"

இடம் மாறினது

அன்று சாயங்காலம் எல்லாவற்றையும் வீட்டுக்காரரிடம் சொன்னேன். முதல் தடவையாக ஒன்றுகூட விடாமல். அவர் லீவு போட்டு, மின்சார ரயிலில் பட்டணத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். காதுக்கென்று தனியாக இருக்கிற டாக்டர், பார்த்தால் அது ஒரு பெண்பிள்ளை! யாரிடம் எப்படிச் சொல்வது என்று இத்தனை நாள் மருகினவளுக்கு ஒரு லேடி டாக்டர், கதவைச் சாத்திக்கொண்டு, மெல்ல, ஒவ்வொன்றாகக் கேட்டார். இரண்டு கால் வைத்த இரும்பு ஒன்றைத் தட்டி வலது காதில் பிடித்தார். கோயில் மணி மாதிரி கேட்டது. இடது காதில் பிடித்தார். "ம், சொல்லுங்க" என்றார். நான் அந்த இரும்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஆடுவது கண்ணுக்குத் தெரிந்தது.

தலை சுற்றினதே காதினால்தான், சுற்றலை மாத்திரையில் குறைக்கலாம், உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இடது காதில் போன கேட்கிற சக்தி திரும்புவது கஷ்டம் என்றார். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் என்று கேட்டேன். "நிச்சயமாச் சொல்ல முடியாதும்மா, ஆனா முயற்சி பண்ணிப் பார்த்திருக்கலாம்" என்றார். அந்த 'பார்த்திருக்கலாம்' என்கிற வார்த்தை மட்டும் இரண்டு காதிலும் கேட்டது. திரும்பி வரும்போது ரயிலில் கூட்டம் இல்லை. அவர் எனக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தார். மீனம்பாக்கம் தாண்டி எதேச்சையாகத் திரும்பினால், அவர் உதடு அசைந்து முடிகிறது. கண் கலங்கியிருந்தது. "என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது.

"ஒண்ணுமில்லை. நீ இந்தப் பக்கம் மாறி உக்காரு."

ரகசியம்

இப்போது தூளி இல்லை. ஸ்டூலை வலது பக்கம் போட்டாயிற்று. தலைச் சுற்றலும் எப்போதாவதுதான். வேலைக்குக் குறைவில்லை. வருகிறவர்களிடம் வேணுமா வேண்டாமா என்று இரண்டு தடவை கேட்டுக்கொள்கிறேன். அது முன்னைக்கு இப்போது நல்ல பழக்கம்தான். ஆனால் பெரியவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் தைத்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு காதில் ரகசியம் சொல்வாள். தூளி இருந்த நாளிலிருந்தே அவள் நின்று பழகினது இடது பக்கம். மாற்றி நில்லு என்று சொல்லலாம். அந்தச் சின்ன மூச்சு காதில் சூடாகப் படுகிறது, அதை விட மனசு வரவில்லை. அதனால் சிரித்து, தலையை ஆட்டி, "அப்படியா!" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். போன வாரம் ஒருநாள் அப்படிச் சிரித்தபோது அவள் கையை எடுத்துவிட்டு, முன்னால் வந்து நின்று என் முகத்தையே பார்த்தாள்.

"அம்மா, நான் ஒண்ணுமே சொல்லல. சும்மா வாயை அசைச்சேன். நீ எதுக்குச் சிரிச்சே?"

இவ்வளவுதான்

தலை சுற்றினால் தலை சுற்றுகிறது என்றே சொல்லுங்கள், யார் என்ன கேட்டாலும் கேட்டுக்கொள்ளட்டும். இதற்கு மேல் புத்தி சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. மொத்தத்தில் பார்த்தால், பெஞ்சில் இருந்த நாலு பேருக்குக் கேட்டுவிடக் கூடாது என்று ஒரு வார்த்தையை விழுங்கினவளின் வீட்டுச் சமாசாரம் இப்போது தெரு முழுக்கக் கேட்கிறது, ஏனென்றால் என்னிடம் பேசுகிறவர்கள் எல்லாரும் தொண்டை கிழிய, இருங்கள், பெரியவள் வந்து கையைப் பிடித்து இழுக்கிறாள், வாசலில் ரோஸி அக்கா கூப்பிடுகிறார்களாம், வந்துட்டேன்க்கா, இப்பத்தான் இவ சொன்னா, நீங்க எவ்வளவு நேரமா அங்க